படிக்காத பாக்கி என்று ஒன்று உண்டா?

டேவ் வைனர் என்னும் அமெரிக்க நிரலாளர் 2022-ஆம் ஆண்டில் ஃபீட்லேண்ட் என்ற பெயரில், சந்தா செய்த தளங்களின் புதிய இடுகைகளைத் திரட்டிக் காட்டும் ஓர் ஓடை வாசிப்பானை வலையில் வெளியிட்டார். சந்தா செய்த ஒவ்வொரு தளத்தின் பெயருக்கும் பக்கத்தில் "படிக்காதவை 47" என்பதுபோல் ஓர் எண் தடித்த எழுத்தில் நிற்பதை வெகுகாலமாகக் கண்டு பழகிய கண்கள், அந்த எண்ணைத் தேடிக் காணாமல், இஃது அரைகுறையாக விடப்பட்ட சாதனம் என்று முடிவுகட்டிவிடுவது இயல்புதான். ஆனால் அந்த எண் மறதியால் விடுபட்டதன்று, வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது. அப்படித் தவிர்த்தது நியாயமே என்பது என் கட்சி.

ஃபீட்லேண்டின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் சந்தா செய்த தளங்களின் பட்டியல் ஒரு பக்கத்தில் இருக்கும். எந்தத் தளம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டதோ அது மேலே நிற்கும். பெயரின் அருகிலுள்ள சிறு முக்கோணத்தைத் தட்டினால் அத்தளத்தின் அண்மைய இடுகைகள் சில அவ்விடத்திலேயே விரியும். இன்னொரு பக்கத்தில், எல்லாத் தளங்களின் இடுகைகளும் கலந்து, புதியது மேலும் பழையது கீழுமாக ஒரே பிரவாகமாக இறங்கி வரும். இந்த இரண்டாவது அமைப்பை வைனர் நெடுங்காலமாகச் செய்தி ஆறு என்று அழைத்துவருகிறார். ஆற்றங்கரைக்கு வந்தவன் கண்முன் ஓடுவதைப் பார்க்கிறான். வராத நாளில் ஓடிப்போன தண்ணீருக்கு அவன் யாருக்கும் கணக்குக் காட்டவேண்டியதில்லை என்பது அப்பெயரின் உட்கருத்து.

இத்தகைய வாசிப்பான்களின்மேல் வழக்கமாகச் சொல்லப்படும் ஆட்சேபங்கள் சில உண்டு: எது படித்தது, எது படிக்காதது என்ற கணக்கே இல்லை, ஓயாமல் எழுதும் தளம் எப்போதாவது எழுதும் தளத்தை அமிழ்த்திவிடுகிறது, முழுக் கட்டுரையைக் காட்டாமல் ஒரு துணுக்கைக் காட்டி நிறுத்திக்கொள்கிறது, நம் சந்தாப் பட்டியலை ஊரறிய வைக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, யாரோ ஒருவருடைய சர்வரை நம்பியிருக்கிறது. இவற்றுள் முதலாவதற்கே அதிக இடம் கொடுத்து ஆராய எண்ணுகிறேன். மேலோட்டமாகப் பார்க்கையில் ரசனை பேதம் போலத் தோன்றும் அந்த ஆட்சேபம், ஓடை என்ற ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பற்றிய ஒரு தவறான அனுமானத்தின்மேல் நிற்கிறது.

ஓடை என்பது ஒரு தளம் தன்னிடம் அண்மையில் வெளியானவை இவை என்று, மனிதர் படிப்பதற்காக அன்றி இயந்திரம் படிப்பதற்காக, எக்ஸ்.எம்.எல். என்ற குறிமொழியில் எழுதி வைக்கும் ஒரு சாதாரண எழுத்துக்கோப்பு. 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் பிற தளங்களின் தலைப்புகளைத் திரட்டிக் காட்டுவதற்காக ஆர்.எஸ்.எஸ். என்ற இந்த முறையின் முதல் வடிவத்தை வெளியிட்டது. அதை வகுத்தவர்கள் டான் லிப்பியும் ராமநாதன் குஹாவும். பின்னவர் சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். அதே ஆண்டு ஜூலையில் வந்த 0.91 என்ற வடிவம், ஓர் ஓடையில் 15 உருப்படிகளுக்கு மேல் இருக்கலாகாது என்று வரம்பிட்டது. பிற்பாடு அந்த வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது எனினும் பழக்கம் போகவில்லை. உலகத்து வலைப்பதிவுகளில் பெரும்பங்கை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள், நாம் அமைப்பை மாற்றாதவரை, இன்றும் கடைசிப் 10 இடுகைகளை மட்டுமே ஓடையில் வைக்கிறது.

ஆகவே ஓடையைக் கூட்டுறவுப் பண்டகசாலை வாசலில் தொங்கும் கரும்பலகையாகக் கருதுவது பொருந்தும். புதிய அறிவிப்பு மேலே எழுதப்படும்போது அடியில் உள்ள பழையது துடைக்கப்படும். பலகை எந்த வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டாது. பார்க்க விரும்புகிறவன்தான் நடந்து வரவேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், யார் எதுவரை படித்துப் போனார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இந்த நடந்து வரும் காரியத்தை நமக்காகச் செய்வதே வாசிப்பானின் தொழில், அதைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது சுவாரசியமானது. வாசிப்பானின் சர்வர் ஓர் ஓடையை முதன்முறை வாங்கும்போது, தளம் அக்கோப்போடு கூட ஈ-டேக் எனப்படும் ஓர் அடையாளக் குறியையும் சேர்த்துக் கொடுக்கிறது. அது பார்வைக்குப் பொருளற்ற எழுத்துக் கோவை. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் குறி மாறிவிடும் என்பதே அதன் பயன். அடுத்த முறை வாசிப்பான் வரும்போது, சென்ற தடவை தான் பெற்ற பிரதியின் குறி இன்னது, அது மாறியிருந்தால் மட்டும் புதுக் கோப்பை அனுப்புக என்று கேட்கிறது. மாறவில்லையெனில் தளம் 304 என்ற எண்ணை மட்டும் விடையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். நூறு கிலோபைட் கனமுள்ள ஒரு கோப்புக்குப் பதிலாக நாலைந்து வரிகளோடு சம்பாஷணை முடிந்துவிடும். மாதத்தில் இரண்டு முறை எழுதும் ஒருவருடைய ஓடையை மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தால், எழுநூற்றுச் சொச்சம் வருகைகளில் இரண்டைத் தவிர மற்றவை யாவும் இந்த 304-இலேயே கழியும். இந்த மரியாதையைக் கடைப்பிடிக்காமல் ஒவ்வொரு முறையும் முழுக்கோப்பையும் இழுக்கும் வாசிப்பான்களும் உண்டு. தளம் நடத்துகிறவர்கள் அவற்றைச் சபிப்பதில் வியப்பில்லை.

வலையில் இயங்கும் வாசிப்பானுக்கு ஒரு சர்வர் எதற்கு, உலாவியே நேரில் போய் ஓடையை வாங்கி வரலாகாதா என்று கேட்கலாம். உலாவிகளின் பாதுகாப்பு விதி அதற்கு இடம் கொடுப்பதில்லை: ஒரு தளத்திலிருந்து வந்த நிரல், வேறொரு தளத்தின் கோப்பை, அத்தளம் வெளிப்படையாக அனுமதித்தாலன்றிப் படிக்கலாகாது. அந்த அனுமதியைப் பெரும்பாலான தளங்கள் எழுதி வைப்பதில்லை. அதனால் நடுவில் ஒரு சர்வர் அவசியமாகிறது. அவசியத்தால் வந்த அந்த நடுவன் உபகாரியாகவும் இருக்கிறான். ஆயிரம் பேர் தத்தம் கணினியில் தனித்தனி வாசிப்பானை நிறுவி ஒரே தளத்தை மணிக்கொரு தரம் கேட்டால் நாளொன்றுக்கு 24,000 வருகைகள். ஆயிரம் பேருக்காக ஒரு சர்வர் கேட்டால் 24. கூகுள் நிறுவனம் முன்பு நடத்திய கூகுள் ரீடர் என்ற வலை வாசிப்பானின் சர்வர் ஒரு தளத்துக்கு வரும்போது, எத்தனை சந்தாதாரருக்காக வந்திருக்கிறேன் என்பதைத் தன் பெயரோடு சேர்த்தே சொல்லிக்கொண்டு வந்தது. தன் எழுத்தை யாராவது படிக்கிறார்களா என்று அறிய விரும்பிய வலைப்பதிவர் பலர், சர்வர் பதிவேட்டில் அந்த ஒற்றை வரியைத் தேடிப் பார்த்து ஆறுதல் அடைந்ததுண்டு.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். படிக்காதவை இத்தனை என்ற கணக்கு ஓடைகளோடு பிறந்ததன்று. அதற்கு இருபது ஆண்டு முந்திய ஓர் ஏற்பாட்டிலிருந்து வந்து குடியேறியது. 1979-80-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் யூஸ்நெட் என்ற செய்திக்குழு வலையைத் தொடங்கினார்கள். அதில் ஒரு குழுவுக்கு வந்துசேரும் கட்டுரைகளுக்கு ஒவ்வொரு சர்வரும் வந்த கிரமப்படி 1, 2, 3 என்று வரிசை எண் இட்டுவிடும். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் 1984-இல் எழுதிய ஆர்.என். போன்ற வாசிப்பு நிரல்கள், வாசகனின் கணக்கில் நியூஸ்ஆர்சி என்ற சிறு கோப்பை வைத்துக்கொண்டு, குழுவின் பெயருக்கு எதிரே 1-3421, 3425 என்று எழுதிக்கொள்ளும். 3421 வரை படித்தாயிற்று, நடுவில் மூன்றை விட்டு 3425-ஐயும் படித்தாயிற்று என்பது அதன் பொருள். சர்வரில் கடைசி எண் 3500 என்றால் பாக்கியைக் கழித்துச் சொல்ல ஒரு கணமும் வேண்டாம். ஆக யூஸ்நெட்டில் இந்த எண்ணுக்கு ஆதாரம் இருந்தது. மின்னஞ்சலிலும் ஆதாரம் உண்டு. அஞ்சல் ஒருவரைக் குறித்து எழுதப்பட்டது, அவரிடம் வந்து சேர்ந்தது, பெரும்பாலும் அவர் பதிலையோ செயலையோ எதிர்பார்த்து நிற்பது. அங்கே திறக்காத கடிதம் என்பது உண்மையான பாக்கி.

2002-இல் பிரெண்ட் சிம்மன்ஸ் மாக் கணினிகளுக்காக நெட்நியூஸ்வயர் என்ற ஓடை வாசிப்பானை எழுதியபோது, இடப்பக்கம் தளங்கள், மேலே தலைப்புகள், கீழே கட்டுரை என்ற மூன்று அறை அமைப்பை யூஸ்நெட் வாசிப்பான்களின் சாயலில் எடுத்துக்கொண்டார். அந்த அமைப்போடு எண்ணும் கூடவே வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிம்மன்ஸ் அதற்கு முன்னர் வேலை பார்த்தது வைனரின் யூசர்லேண்ட் நிறுவனத்தில். அந்நிறுவனம் அதே 2002-இல் வெளியிட்ட ரேடியோ யூசர்லேண்ட் என்ற மென்பொருளோ, ஓடைகளை மணிக்கொரு தரம் வாங்கி ஒரே பக்கத்தில் கால வரிசையாகக் கொட்டியது. ஆறும் அறைகளும் ஏறக்குறைய ஒரே கூரையின்கீழிருந்து புறப்பட்டவை. சந்தையில் வென்றவை அறைகள். கூகுள் ரீடர் 2005 அக்டோபரில் வெளிவந்தபோது அதன் முதல் முகம் எல்லா இடுகைகளையும் ஒரே வரிசையில் முன்வைத்தது. அது பலருக்குப் பிடிக்காமற்போகவே, 2006-இல் இடப்பக்கம் தளப் பட்டியலும் எண்களுமாக மாற்றி அமைக்கப்பட்டது. அன்று முதல் ஓடை வாசிப்பான் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது ஒரு சித்தாந்தமாகவே ஆகிவிட்டது.

ஆனால் யூஸ்நெட்டில் இருந்த ஆதாரம் ஓடையில் இருக்கிறதா? இல்லை என்பதை ஆர்.எஸ்.எஸ். 2.0-இன் விதிகளைப் படித்த எவரும் காணலாம். 2002 செப்டம்பரில் வெளியான அந்த விதிகளின்படி, ஓர் உருப்படியின் எந்த அங்கமும் கட்டாயம் அன்று. தலைப்பு, விவரம் என்ற இரண்டில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். வெளியான தேதி இல்லாமற்போகலாம். தலைப்பே இல்லாமற்போகலாம், அத்தகைய இடுகைகளைக் கண்டு கூகுள் ரீடர் 'தலைப்புத் தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில் அடைப்புக்குறிக்குள் புலம்பியது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஓர் இடுகையை இன்னது என்று அறுதியிடும் அடையாளச் சரமும் கட்டாயம் அன்று. வரிசை எண் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே வாசிப்பான், கரும்பலகையில் இப்போது தெரிவதைத் தான் முன்பு கண்டதோடு ஒப்பிட்டு, எது புதிது என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஒரு தளம் தன் முகவரியை எச்.டி.டி.பி.யிலிருந்து எச்.டி.டி.பி.எஸ்.க்கு மாற்றும்போது, முகவரியையே அடையாளமாக வைத்திருந்தால், பழைய 10 இடுகைகளும் புதியவையாக மறுபடி முளைத்து எண்ணைக் கூட்டிவிடும். ஒரு பத்திரிகையின் அரசியல், மாநிலம், முகப்பு என்ற மூன்று ஓடைகளுக்குச் சந்தா செய்தவனுக்கு ஒரே செய்தி மூன்று பாக்கியாகக் கணக்கேறும்.

எண் மிகுவதைவிடக் குறைவது இன்னும் விநோதமானது. நாளொன்றுக்கு 40 செய்தி வெளியிடும் ஒரு தளம் ஓடையில் 10 உருப்படிகளை மட்டும் வைத்திருக்கிறது என்று கொள்வோம். அந்தப் பலகை 6 மணி நேரத்துக்கு ஒரு முறை முழுவதும் மாறிவிடும். 8 மணி நேரத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கும் வாசிப்பான் ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு செய்திகளைப் பார்க்காமலேயே இழக்கும். சொந்தக் கணினியில் இயங்கும் வாசிப்பானைச் சனி, ஞாயிறு மூடிவைத்துத் திங்களன்று திறந்தால், வெளியானவை 80 ஆக இருக்க, எண் 10 என்று காட்டும். வலையில் இயங்குவது இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்தப் பிழை மிகவும் குறையும் என்பது உண்மை. வலை வாசிப்பானின் பக்கம் நின்று வாதாடுகிறவன் இதை விட்டுவிடலாகாது. எனினும் ஊகத்தால் பிறந்த எண், கடைசி இலக்கம் வரை துல்லியமான கணக்குபோல வேஷம் தரித்து நிற்கிறது என்ற குறை நீங்குவதில்லை.

அந்த எண்ணை வைத்திருந்தவர்களே அதை முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை. கூகுள் ரீடர், 30 நாளுக்கு மேற்பட்ட இடுகைகளை, படித்தாலும் படிக்காவிட்டாலும், தானே படித்ததாகக் குறித்துவந்தது. பாக்கி ஆயிரத்தைத் தாண்டினால் எண்ணுவதை நிறுத்தி "1000+" என்று கைவிரித்துவிட்டது. இவற்றோடு, எல்லாவற்றையும் படித்ததாகக் குறிக்க ஒரு பொத்தான் வேறு. இத்தகைய வாசிப்பான்கள் அனைத்திலும் இந்தப் பொத்தான் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். படிக்காத ஒன்றைப் படித்தேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போவதற்குச் சாதனமே வசதி செய்து கொடுக்கவேண்டியிருக்கிறது என்றால், முதலில் அந்தப் பாக்கியை எழுதியது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. எழுதியவர் எவரும் நம்மைக் கேட்கவில்லை. ஒரு வானியலாளர் தம் வலைப்பதிவில் வால்நட்சத்திரத்தைப் பற்றி எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அது நமக்கு ஒரு கடமையாக மாறியது வாசிப்பானின் கைங்கரியம்.

இனி இரண்டாவது ஆட்சேபம். இது வலிமையுள்ளது, இதை வெறும் பழக்க தோஷம் என்று தள்ளிவிட முடியாது. நாளைக்கு 80 செய்தி வெளியிடும் பத்திரிகை ஒன்றும், மாதத்துக்கு இரண்டு கட்டுரை எழுதும் ஒருவருடைய பதிவும் ஒரே ஆற்றில் கலந்தால், 30 நாளில் 2,400-க்கு 2 என்ற விகிதம் ஏற்படுகிறது. அந்த இரண்டையும் காண்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தமிழில் வலைப்பதிவு எழுதியவர்களுக்கு இது புதிய விஷயமன்று. 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, தமிழ்ப் பதிவுகளின் ஓடைகளை ஒன்றுசேர்த்துக் கால வரிசையில் காட்டிய ஓர் ஆறுதான். பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழ் எழுத்தாளரும் வாசகரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டது அதன் கரையில்தான். பதிவுகள் பெருகப் பெருக, ஓர் இடுகை முகப்பில் தங்கும் நேரம் சுருங்கியது. ஊர் விழித்திருக்கும் நேரம் பார்த்து இடுகையை வெளியிடுவதும், கீழே இறங்குவதற்குள் நாலுபேர் கண்ணில் பட்டுவிடாதா என்று தவிப்பதும் அக்காலத்தில் எழுதியவர்கள் அறிந்த அனுபவம். அங்கேயும் எவருக்கும் படிக்காத பாக்கி இருந்ததில்லை. ஆனால் மெல்லப் பேசுகிறவர்கள் குரல் அமிழ்ந்ததும் மெய்.

ஃபீட்லேண்ட் ஆற்றோடு நிற்காமல் தளப் பட்டியலையும் தனியே வைத்திருப்பதன் பொருத்தம் இங்கேதான் விளங்குகிறது. ஆற்றில் ஓர் இடுகை எத்தனையாவது இடத்தில் இருக்கும்? அதற்குப் பின் வெளியான இடுகைகள் எத்தனையோ அத்தனைக்கு அடுத்த இடத்தில். பட்டியலில் ஒரு தளம் எத்தனையாவது இடத்தில் இருக்கும்? அதற்குப் பின் புதுப்பிக்கப்பட்ட தளங்கள் எத்தனையோ அத்தனைக்கு அடுத்த இடத்தில். பத்திரிகை ஒரே நாளில் 80 முறை எழுதினாலும் பட்டியலில் அதற்கு ஒரே வரிதான். எண்பதாவது செய்தி அதை இன்னொரு வரி அகலமாக்குவதில்லை. ஒருவனுக்கு 100 சந்தாக்கள் இருந்து, அவற்றுள் 12 மட்டும் நாள் முழுதும் எழுதுபவையாகவும் மற்றவை எப்போதாவது எழுதுபவையாகவும் இருந்தால், நேற்றிரவு எழுதிய கட்டுரையாளர் இன்று காலையில் பதின்மூன்றாவது வரியிலோ அதற்குச் சற்றுக் கீழோ நிற்பார். ஆற்றிலோ அவர் நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு அடியில் போயிருப்பார். எத்தனை கூச்சலிலும் நூறாவது வரிக்குக் கீழே எவரும் இறங்க முடியாது என்பது அந்த ஏற்பாட்டின் உத்தரவாதம். எண்ணிக்கை வைக்கும் வாசிப்பான்கள் தளப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கிப் பக்கத்தில் எண்ணை இட்டு எதை அறிவிக்க முயன்றனவோ, அதை இது இடத்தாலேயே அறிவித்துவிடுகிறது. ஓயாமல் எழுதுபவற்றைத் தனி வகையாகப் பிரித்து அவற்றுக்கென்று ஓர் ஆறு வைத்துக்கொள்வதும் சாத்தியம். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு ஆறு கலங்குகிறது என்பவர்களுக்கு என்னிடம் அதிக அனுதாபம் இல்லை.

துணுக்கைப் பற்றிய ஆட்சேபத்தை விஸ்தாரமாகப் பேசவேண்டியதில்லை. பல தளங்கள் ஓடையிலேயே துணுக்கை மட்டும்தான் வைக்கின்றன; முழுமையாக வைப்பவற்றிலும், நூறு கட்டுரைகளை முழுநீளத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் மேலோட்டமாகப் பார்வையிடுவது என்பதே நடவாது. தவிர, ஓடையில் வரும் எழுத்து அயலான் எழுதிய குறிமொழி. அதை அப்படியே நம் பக்கத்தில் பதித்தால், அதற்குள் ஒளிந்து வரும் நிரல் நம் கணக்கின் அதிகாரத்தோடு இயங்கிவிடக்கூடும். ஆகையால் வலை வாசிப்பான் ஒவ்வொன்றும் அந்த எழுத்தைச் சல்லடையில் அரித்த பிறகே காட்டவேண்டியிருக்கிறது. துணுக்காக்கி வெற்றெழுத்தாகக் காட்டுவது அந்தச் சல்லடையை எளிதாக்குகிறது.

சந்தாப் பட்டியல் பொதுவில் இருப்பது வேறு விதமான கேள்வி. வலைப்பதிவர்கள் தம் பக்கத்தின் ஓரத்தில், தாம் படிக்கும் பதிவுகளின் பட்டியலைப் பெருமையோடு வைத்திருந்த காலம் உண்டு. நல்லெழுத்து எங்கே இருக்கிறது என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொள்ள அதைவிடச் சிறந்த உபாயம் தோன்றவில்லை. தேடுபொறியையோ நிறுவனத்தின் பரிந்துரைக் கணக்கையோ நம்பாமல், ரசனையுள்ள ஒரு மனிதரின் பட்டியலைப் பார்த்துத் தாமும் சந்தா செய்வது என்ற பழக்கத்தை மீட்பதே வைனரின் நோக்கம். அந்நோக்கம் எனக்குச் சம்மதமே. ஆனால் ஒருவன் தன் நோயைப் பற்றிய பதிவுகளைப் படிக்கலாம், தன் மேலதிகாரிக்குப் பிடிக்காத அரசியலைப் படிக்கலாம், விட்டுவிட எண்ணும் மதத்தைப் பற்றிப் படிக்கலாம். வாசகசாலையில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்ற ஏட்டை நல்ல நூலகர் எவரும் வாசலில் ஒட்டுவதில்லை. பொதுவில் வைப்பது விரும்பியவருக்கு ஒரு வசதியாக இருக்கவேண்டுமேயன்றித் தொடக்க நிலையாக இருக்கலாகாது. இந்த ஒரு விஷயத்தில் நியாயம் ஆட்சேபிப்பவர் பக்கமே அதிகம் என்று கருதுகிறேன்.

கடைசியாகச் சர்வரை நம்பும் அபாயம். இதைச் சொல்கிறவர்கள் மனத்தில் நிற்பது 2013-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் 13-ஆம் தேதி கூகுள், ரீடரை நிறுத்தப்போவதாக அறிவித்து, ஜூலை 1-ஆம் தேதி நிறுத்தியும் விட்டது. தினசரி வாசிப்பு முழுவதையும் அதில் வைத்திருந்தவர்கள் மூன்றரை மாதத்தில் வேறு புகலிடம் தேடவேண்டியதாயிற்று. எனினும் அவர்கள் வெறுங்கையோடு வெளியேறவில்லை. ஓ.பி.எம்.எல். என்ற ஒரு கோப்பு வகை உண்டு. 2000-ஆம் ஆண்டில் அதை வகுத்தவரும் வைனர்தான். ஒவ்வொரு சந்தாவுக்கும் ஒரு வரி. அவ்வரியில் தளத்தின் பெயர், தளத்தின் முகவரி, ஓடையின் முகவரி. இவ்வளவே அதன் உள்ளடக்கம். எழுத்துத் திருத்தி எதிலும் திறந்து கையாலேயே திருத்தலாம். ரீடரிலிருந்து இக்கோப்பை இறக்கிக்கொண்டவர்கள், நியூஸ்ப்ளர், தி ஓல்ட் ரீடர் போன்ற வேறு வாசிப்பான்களில் ஏற்றிப் பழையபடி படிக்கத் தொடங்கினார்கள். சந்தாக்கள் தப்பின, எது படித்தது, எது படிக்காதது என்ற கணக்கு அந்தக் கோப்பில் ஏறக்கூடியதன்று. ஃபீட்லேண்டின் பட்டியல்களும் இதே ஓ.பி.எம்.எல். வடிவில்தான் வெளியே வருகின்றன. அதன் சர்வர் நிரலும் பின்னர் பொதுவில் வெளியிடப்பட்டதால், வேண்டியவர் தமக்கென்று ஒன்றை நிறுவிக்கொள்ளத் தடை இல்லை.

ஒன்றைக்கூட விடாமல் பார்த்தாகவேண்டிய வாசகரும் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆர்க்கைவ் என்ற ஆய்வுக் களஞ்சியம் ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஓடை நடத்துகிறது. அதில் அன்றைய புதிய ஆய்வுரைகள் மட்டுமே இருக்கும், மறுநாள் அவை போய்விடும். தம் துறையின் ஆய்வுரை ஒன்றையும் தவறவிடக்கூடாத ஆராய்ச்சி மாணவருக்கும், மருந்துகளைத் திரும்பப் பெறும் அறிவிப்புகளைக் கண்காணிக்கும் மருந்தாளருக்கும் ஆறு உதவாது. ஒவ்வொன்றாகக் குறியிட்டுக் கழிக்கும் அறைகளே வேண்டும். அப்படிப்பட்ட நாலைந்து ஓடைகளை மட்டும் தனியே ஓர் ஓ.பி.எம்.எல். கோப்பில் எழுதி எண்ணிக்கை வைக்கும் வாசிப்பான் ஒன்றில் ஏற்றிவிட்டு, மற்ற தொண்ணூற்றைந்தையும் ஆற்றில் விட்டுவைப்பதற்குக் கால்மணி நேரம் போதும்.